புலிக்குத் துணையாக ஒரு வண்டி

ரவாமாங்குன், ஜகார்த்தா
17 நவம்பர் 2024, ஞாயிறு

மதிப்பிற்குரிய தர்மஜி அண்ணன் அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை முர்னியின் கணவன் விராத்னோ மிக்க பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு அரைநாள் முன்னாலேயே தகவல் சொல்லிவிடுகிறது. அதை உடம்புக் குறை என்று சொல்வதா, வசதி என்று சொல்வதா தெரியவில்லை. பொயொலாலியில் நீங்களும் அண்ணியும் கறவை மாடுகளும் குறைவின்றி இருக்க வேண்டுகிறோம். அண்ணி கொடுத்தனுப்பிய பால் மிட்டாய் வந்து சேர்ந்தது. டாக்டர் எனக்கு இனிப்பு கூடாது என்றதால், முர்னி பார்க்காதபோது மட்டும் சாப்பிட்டேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போனில் பேசினால் சமையலறை வரைக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன தடவை உங்களுக்கு மட்டும் என்று நினைத்து "முர்னி வைத்த ரெண்டாங் கறியில் உப்பு ஜாஸ்தி" என்று எழுதியது குடும்பக் குழுவில் போய் விழுந்து, மேடானில் இருக்கும் சித்தி வரைக்கும் உப்பைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் எங்கள் வீட்டில் எதிலுமே உப்பில்லை. ஆகையால் தபால்தான் உத்தமம் என்று முடிவு செய்தேன்.

விஷயம் வண்டியைப் பற்றியது. எங்கள் புலியை நீங்கள் அறிவீர்கள். ஊரே அந்த மாடல் ஜெர்மன் டீசல் காரைப் புலி என்றுதான் சொல்கிறது, ஆனால் என் புலி சாது. நீர்ப்பாசன இலாகாவில் நான் வேலைக்குப் போன காலம் முழுக்க அதில்தான் போனேன், இன்றைக்கும் மார்க்கெட்டுக்கும் மருத்துவமனைக்கும் மசூதிக்கும் அதில்தான் போகிறேன். இரண்டு பிள்ளைகளையும் பிரசவத்துக்கும் பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் அதுதான் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, ஒரே ஒரு குறையைத் தவிர. அதன் நம்பர் ஆறில் முடிகிறது. உங்கள் ஊரில் இந்தத் தொல்லை இல்லை. இங்கே ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை நம்பர் வண்டி, இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை நம்பர் வண்டி. காலையிலும், சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஒன்பது வரையிலும் பெரிய சாலைகளில் மற்ற வண்டி தலைகாட்டினால் அபராதம், கம்பத்துக்குக் கம்பம் கேமரா நிற்கிறது. சனி, ஞாயிறு மட்டும் விடுகிறார்கள். ஆக, மாதத்தில் பாதி நாள் சாயங்காலங்களில் புலி கூண்டில் படுத்துக் கிடக்கிறது.

இதனால் எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டது முர்னிக்குத்தான். அவள் சிக்கினியில் ஒரு கெரோஞ்சோங் பாட்டுக் குழுவில் சேர்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒத்திகை. இரட்டைப்படை நாளில் நான் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஒற்றைப்படை நாளில் ஒத்திகை வந்தால் போச்சு. மோட்டார் சைக்கிள் வாடகை வண்டியில் இரண்டு தடவை போனாள். ஒரு தடவை மழையில் நனைந்து ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. வாடகைக் காரில் தொங்கவிடும் பாண்டான் இலை வாசனைக்கு அவளுக்குத் தலை சுற்றும். நாலு மணிக்கு முன்னாலேயே புலியில் கிளம்பிவிடலாமே என்று எல்லோரும் புத்தி சொல்வார்கள். அண்ணா, நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நாலரைக்குத்தான் எழுந்திருப்பேன். அது ஓய்வூதியத்தோடு எனக்கு வந்த உரிமை. அதில் கைவைக்க நான் யாரையும் விடுவதாக இல்லை.

இப்படி இருக்கையில், வரும் வியாழக்கிழமை சிக்கினி அரங்கத்தில் அவர்கள் குழுவின் நிகழ்ச்சி. முதல் முறையாக முர்னி தனியாக ஒரு முழுப் பாட்டுப் பாடப்போகிறாள். "ஏற்கனவே பல ஒத்திகைக்கு வரலை. அன்னிக்கும் நேரத்துக்கு வரலைன்னா சுலஸ்திரி அம்மா பாடிடுவாங்க, மனசு சங்கடப்படாதீங்க" என்று குழுத் தலைவி மிகவும் இனிமையாகச் சொல்லிவிட்டார். சுலஸ்திரி அம்மாவின் வீடு அரங்கத்துக்கு எதிர்ச்சந்தில். அந்த அம்மாள் நடந்தே வந்துவிடுவார். முர்னி வீட்டுக்கு வந்து அடுப்பை மூன்று தடவை துடைத்தாள். வியாழக்கிழமை தேதி இருபத்தொன்று. ஒற்றைப்படை.

"வானமே இடிஞ்சு விழுந்தாலும் அன்னிக்கு உன்னை நான் கொண்டுபோய் இறக்குவேன்" என்று நெஞ்சைத் தொட்டு வாக்குக் கொடுத்தேன். இது நடந்தது ஜூலை மாதம். கையில் நேரம் இருந்தது. ஒற்றைப்படை நம்பரில் இரண்டாவதாக ஒரு வண்டி வாங்குவது என்று அப்போதே முடிவாயிற்று. அதுவரைக்கும் நாங்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தோம்.

"சின்னதா ஒரு வண்டி. ஏசி இருக்கணும், நாலு கதவு இருக்கணும், நம்பர் ஒத்தப்படையா இருக்கணும். அவ்வளவுதானே" என்றாள் முர்னி.

"அது வண்டியா? அரிசி குக்கர். அவசியத்துக்குத்தான் புலி இருக்கே. இது விளையாட்டுக்கு இருக்கணும், பார்த்தா மனசு குஷியாகணும்" என்றேன்.

"யாரு விளையாடப் போறது? நீங்களா? செருப்பு மாட்டவே சுவத்தைப் பிடிக்கிறீங்க."

அண்ணா, நான் வாழ்க்கையில் தேவையில்லாத காரியம் ஒன்றுகூடச் செய்ததில்லை. மதகும் வாய்க்காலுமே கதியென்று இருந்துவிட்டேன். அறுபத்தாறு வயதில் ஒரே ஒரு வேண்டாத வேலை செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. இது தப்பா?

முதலில் பெக்காசியில் ஒரு குட்டி இரண்டு கதவு வண்டி பார்க்கப் போனோம். சிவப்பு. நெத்திலி டப்பாவுக்குச் சக்கரம் வைத்தது போல அத்தனை அழகு. நான் உள்ளே இறங்கி ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது இருபது வயது குறைந்துவிட்டது. வெளியே வரப் பார்த்தபோது அந்த இருபதும் வட்டியோடு திரும்பி வந்தது. முழங்கால் ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்டது. சொந்தக்காரர் ஒரு கையை இழுத்தார், அவர் மனைவி மறு கையை இழுத்தார், தெருவில் இறைச்சி உருண்டை சூப் விற்றுக்கொண்டு போனவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பின்னாலிருந்து தள்ளினார். முர்னி உதவிக்கு வரவில்லை, மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏறும்போது நீங்க ஒருத்தரே போதும், இறங்க ஒரு தெருவே வேணும் போலிருக்கே" என்று வீடு வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தச் சூப்காரரிடம் மரியாதைக்காக இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

அடுத்தது ஒரு பல் டாக்டரின் ஜீப். பொடியன் டாக்டர், மலையேறுகிறேன் என்று சொல்லி லாரிச் சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தூக்கித் தூக்கி, மொட்டை மாடி உயரத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். முர்னி அன்று வேண்டுமென்றே பாத்திக் அச்சுக் கைலியை இறுக்கச் சுற்றி, கெபாயா மேற்சட்டை போட்டு, கொண்டை வைத்து, மேடைக்குப் போகிற கோலத்திலேயே வந்திருந்தாள். அந்தக் கைலியில் ஒரு சாண்தான் கால் எட்டும். வண்டியின் படியோ அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. டாக்டர் ஓடிப்போய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்தார். "இந்த ஸ்டூலும் வண்டியோட ஃப்ரீ அம்மா" என்றார். முர்னி ஸ்டூலைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தேங்காய் பறிக்கப் போறப்ப கூப்பிடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் புலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவதைப் பற்றி நான் உங்களிடம் சொல்லவே கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். தங்கெராங்கில் ஒரு கறுப்பு ஓட்டப்பந்தய வண்டி. முன் விளக்குகள் மூடியே இருக்கும், பொத்தானை அமுக்கினால் இரண்டும் எழும்பி விழித்துப் பார்க்கும். என் கையால் அமுக்கினேன். ஒன்று எழும்பியது. மற்றது பாதி எழும்பிப் படுத்துக்கொண்டது, மறுபடி எழும்பியது, மறுபடி படுத்தது. சரியாக அந்த நேரம் பள்ளி விட்டு வந்த டீச்சரம்மாக்கள் நாலு பேர் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பேரன் எடுத்த வயசுல ஊரெல்லாம் கண்ணடிச்சுக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்றாள் முர்னி, டீச்சர்களுக்கும் கேட்கும்படி. அத்தோடு அதுவும் முடிந்தது. செப்டம்பரும் முடிந்தது.

அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டு, உங்கள் ஊர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 'தாசில்தார் வண்டி' ஒன்றை விற்கப்போகிறார் என்றீர்கள். அரசாங்கம் அந்தக் காலத்தில் தாசில்தார்களுக்குக் கொடுத்த அதே வண்டி, கூரைக்குப் பதில் துணி, பக்கமெல்லாம் மடிப்பு மடிப்பாய்த் தகரம், மஞ்சள் நிறம். நம்பர் ஏழில் முடிகிறது என்றும் சொன்னீர்கள். எனக்கு உங்கள் கையில் முத்தம் கொடுக்கலாம் போல் இருந்தது. ரயிலேறி வந்தேன், பார்த்தேன், மறு யோசனை இல்லாமல் வாங்கிவிட்டேன். அண்ணி கட்டுச்சோறு கொடுத்தார்கள், என் தொப்பி செமாரங்கைத் தாண்டும்போது பறந்துபோயிற்று, பிரெபெஸில் வாங்கிய உப்பு முட்டைகள் குலுங்கிக் குலுங்கித் தெகால் தாண்டுவதற்குள் உடைந்துபோயின என்று எழுத வந்தேன், தெகால் அதற்கு முன்னாலேயே வந்துவிடும், வெயிலில் எனக்கு ஊர் வரிசையே மறந்துவிட்டது. முகம் கருகி வீடு வந்து சேர்ந்தபோது எங்கள் தெருக் காவல்காரர் "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார்.

முர்னி வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"கூரை எங்க?"

"துணி இருக்கு. மழை வந்தா இழுத்துவிட்டுக்கலாம்."

"இழுக்குறதுக்குள்ள?"

"கொஞ்சம் நனையலாம்."

"கதவு மூடலையே."

"மூடும். தூக்கி மூடணும்."

"ம்" என்றாள். நாற்பது வருடத்தில் அந்த 'ம்' எனக்கு மூன்று தடவைதான் விழுந்திருக்கிறது, மற்ற இரண்டையும் நீங்கள் அறிவீர்கள்.

இனித்தான் என் தலையில் நானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டது. வெளிமாவட்ட வண்டியை ஜகார்த்தாவுக்கு மாற்றி எழுதினால் பழைய நம்பரை எடுத்துக்கொண்டு புது நம்பர் கொடுப்பார்கள். அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, யாரையும் குறை சொல்ல மாட்டேன். கவுண்டரில் இருந்த பெண் தங்கமான பெண். "ஐயா, நம்பர் வர்றதை எடுத்துக்குறீங்களா, இல்ல ஏதாச்சும் ஆசைப்பட்ட நம்பர் இருக்கா? காலியா இருந்தா வாங்கித் தரலாம்" என்று கேட்டாள். நான் ஒற்றைப்படை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் அந்த நேரம் எனக்கு முர்னியின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது, அந்த 'ம்' ஞாபகத்துக்கு வந்தது. கோபத்தில் இருக்கிறாள், அவள் மனசு குளிர ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எங்கள் கல்யாண வருடத்தைச் சொன்னேன். 1984. அந்தப் பெண் தட்டிப் பார்த்துவிட்டு, "காலியா இருக்கு ஐயா! அம்மா ரொம்பக் குடுத்து வச்சவங்க" என்றாள். பக்கத்துக் கவுண்டர் பெண்ணிடமும் சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்கள். நான் அந்தப் படிகளில் ஒரு மாப்பிள்ளை மாதிரி இறங்கி வந்தேன்.

நம்பர் பலகை போன புதன்கிழமை வந்தது. முர்னி மார்க்கெட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து நானே முடுக்கினேன், அவள் வந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று. பக்கத்து வீட்டு ருஸ்மின் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டினார். தாசில்தாரைப் பார்த்தார். புலியைப் பார்த்தார். மறுபடி தாசில்தாரைப் பார்த்தார்.

"ஏன் விராத்னோ, ரெண்டு மாட்டுக்கும் ஒரே நாள்ல லீவு விட்டிருக்கீங்களே, பால் எப்படிக் கறப்பீங்க?"

அண்ணா, ஆறும் நாலும். இரண்டுமே இரட்டைப்படை. நாற்பது வருடம் தண்ணீர் அளந்தவன், ஆற்றின் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்துக் கணக்குச் சொன்னவன், ஆறுக்குத் துணையாக நாலைப் போய்க் கேட்டு வாங்கிவந்திருக்கிறேன். தார்ப்பாயை எடுத்து வண்டியை மூடினேன். முர்னி வந்து ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டாள். வெயிலில் நிறம் போய்விடும் என்றேன். அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே தங்களிடம் இரண்டு உபகாரங்களைக் கேட்கிறேன். ஒன்று, நீங்கள் முர்னியைக் கூப்பிட்டு எப்படியாவது நைசாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் 'ம்' என்பாள், அதை என்னால் தாங்க முடியாது. உங்களிடம் அவள் சின்ன வயதிலிருந்தே எதிர்த்துப் பேச மாட்டாள். அப்படியே, குழுத் தலைவியிடம் சொல்லி நிகழ்ச்சியை இருபத்திரண்டாம் தேதிக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளிப்போனால் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டாவது, தாசில்தாருக்கு அங்கேயே ஓர் ஆள் பாருங்கள். வேண்டாத வேலை செய்ய ஆசைப்பட்டேன், செய்துவிட்டேன், போதும். அவளுக்குக் கொடுத்த வாக்குப் பொய்யாகப் போவதுதான் நெஞ்சை அறுக்கிறது. அடுப்பை மறுபடி துடைக்க ஆரம்பித்திருக்கிறாள்.

அண்ணிக்கு என் வணக்கம். மாடுகளுக்கு மடிநோய் வராமலும், உங்களுக்கு மூட்டுவலி வராமலும், என் போல் ஒரு மைத்துனன் இன்னொருவன் வாய்க்காமலும் ஆண்டவன் உங்களைக் காக்கட்டும்.

பணிவுள்ள,
விராத்னோ

பின்குறிப்பு (22 நவம்பர், வெள்ளி): மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். போன் செய்யாதீர்கள், ஆள் பார்க்காதீர்கள். திங்கட்கிழமை தபால் போடக் கிளம்பியபோது முர்னியும் கூடவே வந்துவிட்டதால் கடிதம் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. நேற்று மத்தியானம் நான் கண்ணசந்த நேரம், யாரோ காலைப் பிடித்து ஆட்டினார்கள். கெபாயா, கொண்டை, பூ எல்லாவற்றோடும் முர்னி நின்றாள்.

"எழுந்திருங்க. நாலு மணிக்குள்ள ரோட்டைத் தாண்டிடலாம்."

"எதுல போறது?"

"தார்ப்பாய்க்குள்ள இருக்கே, அதுலதான். பலகை வந்த அன்னிக்கே தூக்கிப் பார்த்தாச்சு. தினம் பார்க்குறேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நாப்பது வருஷத்துல நீங்களா ஞாபகம் வச்சுச் செஞ்சது அது ஒண்ணுதான். அது ஒத்தப்படையா ரெட்டப்படையான்னு போய்ச் சண்டை போடுவாங்களா?"

என் உரிமையை நான் விட்டுக்கொடுத்தேன் அண்ணா. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கொண்டைமேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள், கதவைத் தானே தூக்கி மூடினாள். பிரமுகா சாலை மேம்பாலத்தில் ஏறும்போது திடீரென்று பாட ஆரம்பித்தாள். முழுக் குரலில். சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார், பச்சை விழுந்தும் போகவில்லை. "புலியில வரும்போது ஒரு நாளும் பாடினதில்லையே நீ" என்றேன்.

"எங்க பாட விட்டீங்க? வாயைத் திறந்தா, 'ஷ், இன்ஜின் சத்தம் கேக்கணும்'பீங்க. நானும் பேசாம வந்தேன். இதுல இன்ஜின் போடுற சத்தத்துல உங்களுக்கு ஒண்ணும் கேக்காது, அதான் பாடுறேன்."

எனக்குக் கேட்டது. அரங்கத்திலும் வண்டிக்குள் உட்காராமல் உள்ளே போய் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். சுலஸ்திரி அம்மாவே எழுந்து நின்று கைதட்டினார். அண்ணா, உங்கள் தங்கை மிக நன்றாகப் பாடுகிறாள். இத்தனை வருடம் பக்கத்திலேயே உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. இனிமேல் புலியிலும் பாடலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று ஒன்பது மணிக்கு மேல் திரும்பி வரும்போது சொன்னேன்.

"பார்க்கலாம்" என்றாள்.